இருநூற்றுப் பன்னிரண்டாம் எண் கோட்டு

இசையை நான் கேட்பது சுவர் வழியாக.
வின்ஸ்கோட்டன் ஊருக்கு வெளியே
வைக்கோலில் அட்டை செய்த பழைய ஆலை,
இப்போது சனிக்கிழமைகளில் டிரான்ஸ்.
ஒன்பது வருடமாக அதன் வாசலறையில்
கோட்டை வாங்கி மாட்டி, சீட்டுக் கொடுத்து,
விடியலில் சீட்டை வாங்கிக்
கோட்டைக் கொடுக்கிறேன்.

நடுவே இரண்டு செங்கல் கனம்.
மினுங்கும் சுரங்கள், பாடும் பெண்,
கைதூக்கிக் கத்தும் ஆயிரம் பேர்,
எல்லாம் அந்தப் பக்கமே தங்கிவிடும்.
அடிநாதம் மட்டும் இங்கே வரும்,
நிமிடத்துக்கு நூற்று முப்பத்தெட்டு முறை.
கம்பியில் தொங்கும் எழுநூறு கோட்டுகளும்
அதற்குத் தோள் குலுக்கும்.

ரைண்டர் டோர்ன்போஸை
அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

மற்றவர்களின் இசையில் அடி நின்றால்
பதினாறு எண்ணுவதற்குள் திரும்பிவிடும்.
கூட்டத்தைக் காக்கவைக்க அவர்களுக்குப் பயம்.
இவருடையதில் நிற்கும்.
நின்றுகொண்டே இருக்கும்.
கோட்டுகள் ஒவ்வொன்றாய் அசைவை விடும்,
கடைசியில் அந்த நீளத் தோல் கோட்டும் அடங்கும்,
குளிர்பெட்டியின் முனகல் எழும்,
தகரத்தில் மழை,
என் மூக்கடைப்பு.
எண்ணிக்கை தப்பிப்போன ஒரு கணத்தில்
முதலில் உள்ளங்காலுக்கு வரும்,
பிறகுதான் காதுக்கு.

யார் இது என்று ஒலிமேசை யெல்மரிடம் கேட்டேன்.
தட்டின் உறையில் பொடியெழுத்தைக் காட்டினான்.
மூன்று புனைபெயர், ஆள் ஒன்று.
பெரிய பெயர்களின் காலடியில் 'உடன்' என்று நிற்பவர்,
பல இடங்களில் அந்த 'உடன்'கூட இல்லை.
பகலில் கால்வாய்ப் பாலம் தூக்குகிறார்,
படகு போகும்வரை கார்களை நிறுத்திவைத்து.
குடத்து விளக்கு, என்றான் யெல்மர்.
நான் ஒப்பவில்லை.
வெளியே வர ஆசைப்படாத விளக்குக்கு
அந்தப் பழமொழி எதற்கு?

நவம்பரில் ஒருநாள் வந்தார்.
கடல்நீல மழைக்கோட்டு, முதுகில் பாலத்துறை முத்திரை,
கையில் எண்ணிவைத்த சில்லறை.
இருநூற்றுப் பன்னிரண்டு.
அன்று சுவரொட்டிக்காரர்
இவருடைய புதியதைத்தான் வாசித்தார்.
அடி நின்றது.
கோட்டுகள் அடங்கின.
அதன் நட்டநடுவில் கதவைத் தள்ளி வந்து
சீட்டை நீட்டுகிறார் இவர்.

'இன்னும் அடி திரும்பவில்லையே' என்றேன்.

'திரும்பும். இடம் எனக்குத் தெரியும்.'

கோட்டை எடுத்தேன், கொடுக்கவில்லை.
இரண்டு பேரும் நின்றோம்.
குளிர்பெட்டி. மழை.
வந்தது.
என் கையிலிருந்த அவர் கோட்டின்
வலது கை மட்டும் முதலில் துடித்தது,
பிறகு வரிசை முழுக்க,
காலியாய்த் தொங்கிய இரண்டு கொக்கிகள்கூட.

ரைண்டர் டோர்ன்போஸ் அதைப் பார்த்தார்.
மெட்டு இல்லாத தன் இசையை
அவர் கேட்டதே இல்லை போல.
சுவரில் கைவைத்தார், எடுத்தார்.
'கீழே கொஞ்சம் கூடிப்போச்சு' என்றார்,
'அடுத்ததில் குறைக்கிறேன்.'
வேண்டாம் என்றேன்.
பாராட்ட வேறு சொல் அப்போது வாயில் வரவில்லை.
தலையாட்டினார், மழையில் சைக்கிள் ஏறினார்.
அரங்கில் ஆயிரம் தொண்டைகள்
இன்னொருவர் பெயரைக் கத்தியிருக்கும்.
சுவர் என்னிடம் சொல்லவில்லை.

மார்ச்சில் புதியது வந்தது. குறைத்திருந்தார்.
கோட்டுகள் முன்போல் ஆடவில்லை.
எனக்கு இன்னும் கோபம்தான்.
ஆனால் அந்த நிற்றல் முன்னிலும் நீளம்.
அந்நேரம் யார் வந்து சீட்டை நீட்டினாலும்,
வெளியே டாக்சி காத்திருக்கிறது என்றாலும்,
கொஞ்சம் பொறுங்கள் என்கிறேன்.